பாலக்காட்டுக் காற்றுக்கு மணி சரிப்படவில்லை: பனி ஏரிக்காரர்களின் கொத்துக்காட்டியை இங்கே செய்ய முடியுமா?

மீங்கரைத்_தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். மார்கழி வந்தாச்சு, கிழக்குக் காற்றும் கூடவே வந்தாச்சு. நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடக்கும் கணவாய். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கிளம்பும் காற்று நேராக நம் மூஞ்சிக்குத்தான் வருகிறது.

என் பிரச்சினை இதுதான். 7 அடி தூண்டில் ராடு, சாதாரண ஸ்பின்னிங் ரீல், 0.30 மி.மீ. தூண்டில் நரம்பு, 20 கிராம் ஈயம். கடலைப் புண்ணாக்கும் கோதுமை மாவும் பிசைந்த உருண்டை. அணைக்கரையில் தரையில் போட்டுக் காத்திருப்பேன். ராடு நுனியில் சலங்கை மணி. ஆவணி புரட்டாசி கழிந்து காற்று ஓய்ந்திருக்கும்போது இது போதும். இப்போதோ மீன் இல்லாமலே மணி கச்சேரி நடத்துகிறது. கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடுகிறது, உண்மையான கொத்து வரும்போது நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரை மட்டும் சுத்தமாகக் காலி.

பனி ஏரியில் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். ஒரு முழம்கூட இல்லாத ராடு, சின்ன ரீல், நுனியில் மீன் கொத்துவதைக் காட்ட மெல்லிய ஒரு பட்டை, அதுதான் கொத்துக்காட்டி. அந்தப் பட்டை லேசாகத் தலையை ஆட்டியதும் இழுக்கிறார்கள். பாதிப் பேர் அதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்களாம். அது எப்படி வேலை செய்கிறது, நம் அணைகளுக்கு ஒத்துவருமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் அப்பாவின் பழைய எக்ஸ்ரே படங்கள் நிறையக் கிடக்கின்றன.

வேலந்தாவளம்77

நம் ஊரில் ஐஸ் இருக்கிற ஒரே இடம் மீன் வண்டிப் பெட்டிதான். அதில் துளை போட்டால் மத்தி கொத்துமா என்று கேட்டுச் சொல்லுங்கள் 😄

சும்மா சொன்னேன். மணியை நுனியில் கட்டாதீர்கள் தம்பி. நுனிதான் காற்றில் அதிகம் ஆடுகிற இடம். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் நரம்பிலேயே மாட்டித் தொங்கவிடுங்கள். ராடு ஆடினாலும் அங்கே அவ்வளவு ஆட்டம் வராது. நான் ஆட்டு மணிதான் வைத்திருக்கிறேன், வாரச்சந்தையில் வாங்கியது.

ஓரக்கரை

ராடைக் கையில் பிடி. நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொள். அதைவிடப் பெரிய கருவி எந்த நாட்டிலும் இல்லை. எங்கள் காலத்தில் மூங்கில் கழியும் மயில் இறகுத் தண்டுத் தக்கையும்தான். இப்போது எல்லோரும் ராடை ஊன்றிவிட்டு போனைப் பார்க்கிறீர்கள், அதனால்தான் மணி தேவைப்படுகிறது.

மீங்கரைத்_தூண்டில்

ஓரக்கரை அண்ணா, ஒரு ராடு என்றால் சரி. இரண்டு ராடு போட்டால் ஒன்றைத்தானே பிடிக்க முடியும்? அப்புறம் மூன்று மணி நேரம் காற்றில் கை நீட்டி உட்கார எனக்குத் தோள் இடம் கொடுப்பதில்லை.

வேலந்தாவளம் அண்ணா, நடுவில் மாட்டியும் பார்க்கிறேன்.

பனிமேல்_பாலக்காட்டான்

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை, வேலை பின்லாந்தில். இங்கே பனி மேல் உட்கார்ந்து ஒரு தூண்டில் போட உரிமச் சீட்டு வேண்டாம், ஒருசில நீர்நிலைகள் தவிர. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் போனால் பாட்டிமார்கூட ஒரு ஸ்டூலும் துளைப்பானும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பெயர் பில்க்கி.

முதலில் ஏன் தக்கை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. துளை ஒரு சாண் அகலம்கூட இருக்காது. கடும் குளிரில் தோண்டிய கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் மேல் மெல்லிய பனி படர்ந்துவிடும். தக்கை அதில் ஒட்டிக்கொண்டால் மீன் இழுத்தாலும் தெரியாது. கரண்டி வைத்து அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் காட்டியைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கி ராடு நுனிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் ஊர்க்காரர்கள் சிலர் அதைத் தலையாட்டி என்று சொல்லுவோம்.

இரண்டாவது காரணம் மீனின் மந்தம். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அந்தத் தண்ணீர் கீழே தங்கிவிடும், பனிக்கட்டி மேலே மிதக்கும். ஆக அடியில் இருக்கும் மீன் ஏறக்குறைய 4 டிகிரியில் வாழ்கிறது. அதற்குப் பசியும் கம்மி, அவசரமும் கிடையாது. இரையை வாயில் வாங்கி அப்படியே நிற்கும். மணி அடிக்கும் அளவுக்கு இழுக்கவே இழுக்காது.

தலையாட்டி என்பது ஒரு பட்டை. கடிகார ஸ்பிரிங் தகடு, எஃகுக் கம்பி, பன்றி முடி, பாலியெஸ்டர் படலம், பெட் பாட்டிலிலிருந்து வெட்டிய துண்டு என்று எதிலும் செய்வார்கள். பட்டையின் நுனியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக நரம்பு. முக்கியமானது இதுதான்: கீழே தொங்கும் ஈயத்தின் எடைக்கு அந்தப் பட்டை முன்னமே வளைந்து நிற்க வேண்டும். பாதி வளைவு, அதாவது 30 முதல் 45 டிகிரி சாய்ந்து. மீன் இரையைக் கீழே இழுத்தால் இன்னும் வளையும். இரையோடு மேலே கிளம்பினால் நிமிரும். நம் மணிக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். மணிக்கு இழுப்பு மட்டும்தான் தெரியும். தளர்ச்சி தெரியாது.

தரையில் மேயும் மீன்கள் தலையைக் கீழே சாய்த்து இரையை உறிஞ்சிவிட்டு உடம்பை நேராக்கும். அப்போது ஈயம் மேலே தூக்கப்படும். இங்கே பிரீம் என்கிற மீன் அப்படித்தான் செய்யும். உங்கள் மிர்காலும் காமன் கார்ப்பும் தரையில் மேய்கிறவைதான், அவற்றிடமும் இதையே எதிர்பாருங்கள். இரை காலியாகி மணி அடிக்காமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் காற்றின்மேல் போடாதீர்கள்.

அமெரிக்கா, கனடா பக்கம் இன்னொரு வகை உண்டு. துளைக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டம், நூல் சுற்றிய உருளை தண்ணீருக்குள்ளேயே இருக்கும், அப்போதுதான் உறையாது. மீன் இழுத்து உருளை சுற்றியதும் கொக்கி விடுபட்டு ஒரு கொடி டக்கென்று எழும். தூரத்திலிருந்து பார்த்து ஓட வேண்டியதுதான். பெரிய மீனுக்கு நல்லது, ஆனால் அதில் ராடும் ரீலும் இல்லை. உங்களுக்கு உதவாது.

பனி ஏரி என்றதும் யாராவது ஆசைப்பட்டால்: 10 செ.மீ. தெளிந்த பனிக்கட்டி இல்லையென்றால் நான் காலை வைப்பதில்லை. கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகள் எப்போதும் தொங்கும். உள்ளே விழுந்தால் அதைக் குத்தித்தான் ஊர்ந்து மேலே வர வேண்டும்.

மீங்கரைத்_தூண்டில்

அண்ணா, இதற்கு மேல் என்ன வேண்டும்! எக்ஸ்ரே படம் சரிப்படுமா? எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்?

பனிமேல்_பாலக்காட்டான்

படம் அருமையான பொருள். மேலே இருக்கும் கறுப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். துணி வெளுக்கிற பிளீச்சில் ஊறவைத்தால் வழித்தால் வந்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் பளிச்சென்று ஒரு படலம் நிற்கும். 12 செ.மீ. நீளம், அடியில் 4 மி.மீ., நுனியில் ஒன்றரை மி.மீ. வரும்படி கூம்பாக வெட்டுங்கள். கத்தரிக்கோலைவிட பிளேடும் ஸ்கேலும் நல்லது, ஓரத்தில் பிசிறு இருந்தால் அங்கேயே பின்னால் மடியும்.

நுனிக்கு ஊசியைச் சுடவைத்து ஓட்டை போடலாம். ஆனால் நரம்பு உரசிப் படலம் கிழியும். மின்கம்பியின் மேலுறையில் அரை செ.மீ. துண்டு வெட்டி நுனியில் ஒட்டி, அதன் வழியாக நரம்பை விடுங்கள். ராடு நுனியோடு சேர்க்க சைக்கிள் வால்வ் டியூப். இங்கே குளிரில் ரப்பர் விறைத்து உடையும் என்பதால் சிலிக்கான் குழாய் போடுவோம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நுனிக்கு நெயில் பாலிஷ். வெள்ளைப் பனிமேல் சிவப்பும் கறுப்பும்தான் எங்களுக்குத் தெரியும். அணைத் தண்ணீர்மேல் மாலை வெளிச்சத்தில் மஞ்சளையும் ஆரஞ்சையும் போட்டுப் பாருங்கள்.

கோவிந்தாபுரம்_டீச்சர்

இடையில் புகுகிறேன். எங்கள் வீட்டுக்காரர்தான் மீன் பிடிக்கிறவர், நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். அவர் ஈர்க்குச்சியை வைத்து இதையே நெடுநாளாக முயன்றுகொண்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் 'இது கட்டி, இது லூசு' என்று தூக்கிப் போடுவார். வெட்டி எறிய வேண்டியதில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனையில் எடை தொங்கும் பட்டை எவ்வளவு வளையும் என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது. அகலம் இரட்டிப்பானால் விறைப்பும் இரட்டிப்பு, அவ்வளவுதான். தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு 8 மடங்கு. நீளம் பாதியானாலும் விறைப்பு 8 மடங்கு. ஆக அகலத்தைச் சீவிக்கொண்டிருப்பது மிக மெதுவான வழி. கையிலிருக்கும் பெரிய திருகாணி நீளம்தான். வால்வ் டியூபுக்குள் பட்டையைச் சற்று உள்ளே தள்ளினால் போதும். 12 செ.மீ. வெளியே நீண்டிருந்ததை 9 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விறைத்துவிடும். ஒரே பட்டை பல ஈயத்துக்கு வேலை செய்யும்.

எக்ஸ்ரே படத்தின் அடிப்படலம் பொதுவாக 175 மைக்ரான் கனம். கடையில் கிடைக்கும் ஓவர்ஹெட் புரொஜெக்டர் தாள் 100 மைக்ரான் அளவில் இருக்கும். பார்க்க ரெண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் முப்படியில் கணக்குப் போட்டால் எக்ஸ்ரே படம் 5 மடங்குக்கு மேல் விறைப்பு. ஒரு கிராம், இரண்டு கிராம் ஈயக் குண்டுக்கு அந்த மெல்லிய தாள்தான் பேசும்.

இன்னொன்று. வீட்டில் ஈயத்தைத் தொங்கவிட்டு வளைவைச் சரிபார்த்தால் தண்ணீரில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 11.3 மடங்கு, அதனால் மூழ்கினால் எடையில் 9 சதவீதம் போல குறையும். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒரு பக்கெட் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் அதையும் சேர்த்தே சரிசெய்துகொள்ளலாம்.

வேலந்தாவளம்77

டீச்சர், நீங்கள் எங்களுக்கு அப்போதே பாடம் எடுத்திருந்தால் நான் வொர்க்‌ஷாப்புக்குப் போயிருக்க மாட்டேன் 🙏

லேத்துப்பட்டறை

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பனி ஏரிக்காரர் எறிவதே இல்லை. காலடியில் துளை, நரம்பு நேராகக் கீழே போகிறது. ஈயம் ஒரு கிராமோ ரெண்டு கிராமோ. நம்ம தம்பி 20 கிராம் கட்டி 30 மீட்டர் எறிகிறார். அந்தப் பட்டையோடு எறிந்தால் முதல் வீச்சிலேயே நரம்பு சிக்கி பட்டை பறந்துவிடும். அப்படியே பறக்காவிட்டாலும், 30 மீட்டர் நரம்பு காற்றில் வில்லாக வளைந்து நிற்கும்போது மீன் ஈயத்தை ஒரு விரற்கடை தூக்கினால் அந்தத் தளர்ச்சி வழியிலேயே கரைந்துபோகும். நுனியில் பன்றி முடி வைத்தாலும் தெரியாது. மோனோ நரம்பு, அதாவது ஒற்றை இழை நைலான், வேறு ரப்பர் மாதிரி இழுபடும்.

தலையாட்டி வேண்டுமென்றால் கரையோரம். அணைச் சுவர் ஓரமாக, பாறை ஓரமாக, ராடுக்கு நேர்கீழே ஆழம் கிடைக்கும் இடம். பழைய கல்குவாரிக் குழிகளும் நல்லது. அங்கே ரெண்டு கிராம் குண்டோடு பிலோப்பிக்கு (திலாப்பியா) போட்டால் அசத்தும்.

தூரம் போடுகிறவர்களுக்கு வேறு சாமான். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் நரம்பைக் கீழே இழுத்து V மாதிரி தொங்கவிட்டு அதில் ஒரு எடையை மாட்ட வேண்டும். மீன் எதிர்ப்பக்கம் ஓடினால் எடை மேலே ஏறும். நம்மை நோக்கி வந்தால் கீழே விழும். பனிமேல் அண்ணன் சொன்ன அதே தத்துவம்தான், முன்கூட்டியே பாதி வழியில் நிறுத்திவைக்கிறோம், ரெண்டு பக்கமும் அசைய இடம் இருக்கிறது. பையன் தின்று போட்ட கிண்டர் ஜாய் முட்டைக்கூட்டில் கொஞ்சம் மணல் போட்டு, ஒரு பேப்பர் கிளிப்பைக் கொக்கியாக வளைத்து மாட்டியிருக்கிறேன். மணலைக் கூட்டிக் குறைத்துக் காற்றுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். கூட்டுக்குக் கீழே நூல் கட்டி ராடு தாங்கியில் முடிந்துவிடுங்கள், இழுக்கும்போது முட்டை பறந்து போகாது.

காற்றுக்கு உண்மையான மருந்து வேறு. ராடு நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். பின்பக்கத் தாங்கி உயரம், முன்பக்கத் தாங்கி தாழ்வு. எறிந்த பிறகு நுனியை ஒரு முழம் தண்ணீருக்குள் அமுக்கி ரீலை நாலு சுற்று வேகமாகச் சுற்றினால் நரம்பு மூழ்கிவிடும். மூழ்கிய நரம்பைக் காற்று என்ன செய்யும்?

பனிமேல்_பாலக்காட்டான்

லேத்து அண்ணன் சொல்வது முழுக்க உண்மை. பனியிலும் காற்று தலையாட்டியை ஆட்டும். நாங்கள் துளைக்கு வெகு அருகே நுனியைத் தாழ்த்தி, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்வோம். உடம்புதான் சுவர். சிலர் பட்டையை இன்னும் கொஞ்சம் விறைப்பாக்கிக் கனமான குண்டு போடுவார்கள், உணர்ச்சி குறையும், ஆனால் நடுக்கம் நிற்கும்.

ஓரக்கரை

முட்டை, எக்ஸ்ரே, முப்படி. நான் இப்போதும் சொல்கிறேன், விரல்.

ஆனால் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்குவது நல்ல பழக்கம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், முட்டையும் மணியும் மாட்டுகிறவன் ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிடி) இறுக்கி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகாதே. பெரிய கட்லா எடுத்தால் ராடு, ரீல், முட்டை எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் போகும். கண்ணால் பார்த்திருக்கிறேன். டிராக்கைத் தளர்த்திவை, அல்லது ராடின் அடியை ஒரு கயிற்றால் கல்லோடு கட்டு.

கல்லுக்குழி

புதுசாகச் சேர்ந்தவன். இரவில் என்ன செய்வது? நான் வேலை முடிந்து போகவே ஏழு மணி ஆகிவிடும். ஆன்லைனில் பேட்டரி அலாரம் ஒன்று வாங்கினேன், காற்று அடித்தாலே பீப் பீப். அண்ணன்மார் யாராவது கரண்ட் வைத்துச் செய்யும் முறை சொல்லுங்கள்.

லேத்துப்பட்டறை

தம்பி, மின் கொத்துக்காட்டி புதிதில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 1952இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது 20 கிலோ கெண்டை பிடித்துப் பேர் வாங்கினார். ராத்திரியில் கெண்டைக்குக் காத்திருக்க மின்சாரக் காட்டியைச் செய்து பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது உனக்குச் சொல்லப்போவது அதைவிட எளிசு.

மர துணி கிளிப் ஒன்று. அதன் வாயில் உள்பக்கமாக ரெண்டு டிராயிங் பின் குத்து, மூடினால் ரெண்டு தலையும் முட்ட வேண்டும். ஒவ்வொரு பின்னிலும் ஒரு ஒயர். 3 வோல்ட் பஸ்ஸரும் ரெண்டு பென்சில் பேட்டரியும் தொடரில். நடுவில் பழைய ரீசார்ஜ் கார்டிலிருந்து வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகிவை, சத்தம் வராது. அந்தத் துண்டை ரீலுக்கு முன்னால் நரம்போடு லேசாக மாட்டு. மீன் இழுத்தால் துண்டு உருவிக்கொண்டு வரும், கிளிப் மூடும், பஸ்ஸர் கத்தும். நீ போய்த் திரும்பச் சொருகும்வரை நிற்காது. கிளிப் இறுக்கமாக இருந்தால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விரித்துவிடு, இல்லையென்றால் சின்ன மீன் உருவ முடியாது.

இதில் குறை, ஒரே திசைதான். தளர்ச்சி தெரியாது. ரெண்டும் வேண்டுமென்றால் ரீட் சுவிட்ச் வாங்கு. கோயமுத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ரெண்டு மெல்லிய தகடு, காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், போனால் பிரியும். பழைய டேப் ரெக்கார்டரில் இருக்கும் சின்னப் புல்லியில் (கப்பி) ரெண்டு பொடிக் காந்தத்தை எதிரெதிராக ஒட்டி, நரம்பு அதன் மேல் ஓடும்படி ராடுக்கு அடியில் வை. புல்லி எந்தப் பக்கம் சுற்றினாலும் காந்தம் சுவிட்சைக் கடக்கும்போது பீப். காந்தம் சுவிட்சுக்கு நேராக வந்து நின்றுவிட்டால் விடாமல் கத்தும், அப்போது நரம்பை ஒரு நூல் நகர்த்திவிட்டால் போதும். நரம்பு புல்லிமேல் வழுக்காமல் இருக்கப் பள்ளத்தில் ஒரு ரப்பர் பேண்டை ஒட்டு. சுவிட்ச் காலை வளைக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் குறடால் பிடித்துக்கொண்டு வளை, இல்லாவிட்டால் விரிசல் விட்டுவிடும்.

காற்றுக்குக் கத்துவதற்கும் இதுதான் பதில்: புல்லிக்குப் பின்னால் மணல் முட்டையைத் தொங்கவிடு. நரம்பு இழுவிசையோடு நின்றால் புல்லி சும்மா ஆடாது. கடையில் வாங்கிய அலாரத்துக்கும் இதே வைத்தியம்தான், தூக்கிப் போட்டுவிடாதே.

பனிமேல்_பாலக்காட்டான்

இங்கே இருபது டிகிரி மைனஸில் சாதாரண பென்சில் பேட்டரி சீக்கிரமே தளர்ந்துவிடும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் போடுவோம். லித்தியம் கொஞ்சம் தாங்கும். அதனால்தான் பனிக்காரர்களில் பலர் இன்னும் பட்டையையும் கொடியையும் விடவில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லையே கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.

கோவிந்தாபுரம்_டீச்சர்

கல்லுக்குழி தம்பி, குவாரிக் குழியில் ராத்திரி தனியாகப் போகாதீர்கள். ஓரம் செங்குத்து, உள்ளே விழுந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. மலம்புழை, வாளையார்ப் பக்கம் என்றால் ஆனைத் தொல்லை வேறு. எங்கள் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்தால் கிளம்பிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அணையில் போடுவதற்கு முன் அங்கே அனுமதி எப்படி என்று மீன்வளத் துறை ஆட்களையோ சங்கத்து ஆட்களையோ கேட்டுக்கொள்வதும் நல்லது. குஞ்சு விட்டு வளர்த்து அதில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மீங்கரைத்_தூண்டில்

ரெண்டையும் செய்து பார்த்தாயிற்று, எழுதிவிடுகிறேன்.

முட்டை: தூரம் போடும் ராடுக்கு இனி இதுதான். நுனியைத் தாழ்த்தி நரம்பை மூழ்கடித்த பிறகு காற்றுத் தொல்லை முக்கால்வாசி போய்விட்டது. முட்டை கீழே இறங்குகிற கொத்து ஒன்று வந்தது, மெதுவாக, நின்று நின்று. பழைய மணி அதற்கு வாயே திறந்திருக்காது. இழுத்ததில் நல்ல மிர்கால். மணல் பாதிக் கூட்டுக்குக் குறைந்தால் காற்றுக்கே ஆடுகிறது, நிறைத்தால் பிலோப்பி தெரியவில்லை. முக்கால் என் கணக்கு.

தலையாட்டி: கல் அடுக்கிய கரையோரமாக உட்கார்ந்து, இரண்டு கிராம் குண்டோடு, மண்புழு மாட்டிப் போட்டேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு முன்னால் அவளே 'இழு இழு' என்கிறாள். ஆனால் பட்டை ஓயாமல் படபடவென்று துடிக்கிறது. இழுத்தால் ஒன்றும் இல்லை, புழு பாதி காணோம். எப்போது இழுப்பது என்பதுதான் புரியவில்லை.

வேலந்தாவளம்77

படபடப்பு பரல் வேலை. பொடிசுகள் புழுவின் வாலைக் கடித்து இழுக்கின்றன, முள் அதன் வாயில் நுழையாது. அதற்கெல்லாம் இழுத்தால் கைவலிதான் மிச்சம். புழுவை முள்ளை மூடும் அளவுக்குச் சின்னதாக நறுக்கி மாட்டு, வால் தொங்கக் கூடாது. அல்லது புழுவை விட்டுவிட்டு கெட்டியான மாவு உருண்டைக்கு மாறு.

பனிமேல்_பாலக்காட்டான்

சரியாகச் சொன்னீர்கள். துடிப்பைப் பார்க்காதீர்கள், நிலை மாறுவதைப் பாருங்கள். பட்டை எங்கே நின்றதோ அங்கே திரும்பி வராமல் நிமிர்ந்தே நின்றால், அல்லது வளைந்தே நின்றால், அப்போது இழுக்க வேண்டும். துடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தால் விட்டுவிடுங்கள். இங்கேயும் துளைக்குக் கீழே விரல் நீளப் பெர்ச் மீன் கூட்டம் வந்தால் இதே கூத்துதான். நிமிரும் கொத்துக்குத் தாமதிக்காதீர்கள், ஈயத்தை மீன் சுமக்கிறது என்று அர்த்தம், எடை தெரிந்ததும் துப்பிவிடும். இழுப்பது என்றால் முழங்கையால் அல்ல, மணிக்கட்டு மட்டும் போதும். காலடியில் இருக்கும் மீனுக்கு அதுவே அதிகம்.

இன்னொரு சின்ன வேலை. நுனி கண்ணுக்குத் தெரிந்தாலும் அது எங்கே நின்றது என்பது மறந்துபோகும். பட்டைக்குப் பின்னால் ஒரு குச்சியையோ எதிர்க்கரை மரத்தையோ அடையாளமாக வைத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓரக்கரை

பரல் துடிப்பும் மிர்கால் தூக்குவதும் விரலில் வேறு வேறாகத் தெரியும். சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எக்ஸ்ரே பட்டையில் ஒன்று எனக்கும் வெட்டி வை, மீங்கரைப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

மீங்கரைத்_தூண்டில்

அண்ணா, உங்களுக்கு இல்லாததா! அப்பாவின் முழங்கால் எக்ஸ்ரேயில் நாலைந்து வரும்.

கடைசியாக ஒரு சந்தேகம். பட்டையை ராடோடு சேர்த்துப் பையில் வைத்தால் மடிந்து நிரந்தர வளைவு விழுந்துவிடுகிறது. எப்படி எடுத்துப் போகிறீர்கள்?

பனிமேல்_பாலக்காட்டான்

முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ராடில் விட்டுவைக்க வேண்டாம். பழைய பேனாவின் உடலோ, மின்கம்பி போடும் வெள்ளைக் குழாயில் ஒரு சாண் துண்டோ போதும், இரண்டு பக்கமும் தக்கை அடைத்து அதற்குள் போட்டுவிடலாம். வளைவு விழுந்ததைக் கையால் எதிர்ப்பக்கம் மடிக்காதீர்கள், வெண்கோடு விழுந்து அந்த இடம் செத்துவிடும். சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, எடுத்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் தட்டையாக ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

லேத்துப்பட்டறை

அதற்கும் நேராகவில்லை என்றால் புதிதாக ஒன்று வெட்டு தம்பி, முழங்கால் இன்னும் ஒன்று இருக்கிறதே.